பெரட்டில் வாசித்த பெயர்கள்

பெயர்ப் பட்டியலைப் பெரட்டில் வாசிக்கக் கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. கொழும்பிலிருந்து வந்திருந்த எங்கள் குழுத் தலைவி வீடு வீடாகப் போவோம் என்றுதான் சொன்னார். நான்தான் மறித்தேன்.

அப்போது நான் ஒரு சுகாதார ஆய்வில் கேள்வி கேட்டுப் பதில் பதிகிற வேலையில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கர்ப்பமானால் ஏன் பிந்தி வந்து பதிகிறார்கள், பதிந்த பிறகும் ஏன் பாதியில் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள் என்று கண்டறிவது ஆய்வின் நோக்கம். ஹட்டன் டவுனில் ஒரு மேல்மாடி அறையில் தங்கிக்கொண்டு, டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டங்களுக்கு பஸ்ஸில் போய் வருவேன். குழுவில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசைவீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. மற்றவர்கள் தோட்டத்தைப் பற்றி ஏதாவது சந்தேகம் கேட்டால், பாம்பின் கால் பாம்பறியும், என்னிடம் விட்டுவிடுங்கள் என்பேன்.

வீடு வீடாகப் போனால் பூட்டைத்தான் பேட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று தலைவியிடம் வாதாடினேன். காலை ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் திரும்பினால் விறகு, தண்ணீர், சமையல் என்று நிற்க நேரமிருக்காது. ஆனால் காலையில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அதுதான் பெரட்டு. யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று கணக்கப்பிள்ளை பெயர் வாசித்துப் பிரித்து அனுப்புகிற களம். தடுப்பூசியானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி, செய்தி அங்கேதான் சொல்லப்படும். இது தெரியாதவர்கள்தான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு திரிவார்கள் என்றேன். தலைவி சிரித்துவிட்டு, உங்கள் ஊர், உங்கள் இஷ்டம் என்றார்.

தோட்டத்தில் ஒரு பிள்ளையாவது உள்ள இளம் தாய்மாரின் விபரத்தைக் கணினியில் ஏற்றினோம். அது கண்ணை மூடிக்கொண்டு சில பெயர்களைப் பொறுக்கித் தந்தது. நான் அதைத் தாளில் அச்செடுத்து, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். அவர் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தார். குடும்பநலம் சம்பந்தமாக ஒரு மிஸ் வந்திருக்கிறார், கீழே பெயர் உள்ளவர்கள் பிள்ளைக் காம்பிராவுக்கு வந்து அவரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வாசித்தார். ஆய்வு விதிப்படி ஒருவரை மூன்று தரம் அழைத்த பிறகுதான் வரவில்லை என்று எழுதலாம். ஆகவே வராதவர்களின் பெயர்களை மூன்று நாள் காலையிலும் வாசிக்கச் சொன்னேன். விதியைத் துளியும் மீறவில்லை.

தொழிலாளர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில், ஓரமாக ஒரு மேசை போட்டுக் காத்திருந்தேன். பட்டியலில் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினார்கள். கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "சும்மாதாங்க" என்றார்கள். ஒரு பெண் கையில் துணிப்பையோடு வந்தாள். பைக்குள் ஒரு சீத்தைச் சேலையும் துவாயும் சோப்புப் பெட்டியும் இருந்தன. எங்கேயாவது பயணமா, மாப்பிள்ளையோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கேள்விகள் முடிந்ததும், "அவ்வளவுதானா மிஸ், நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். போகலாம் என்றதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள்.

எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவள் என்று மார்தட்டியவளுக்கு அந்தப் பை விளங்கியிருக்க வேண்டும்.

பத்து மாதம் கழித்து மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வராதவர்கள் அதிகம், ஒருமுறை வீட்டிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள் என்று தலைவி சொல்லியிருந்தார். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டு லயத்தின் கடைசிக் காம்பிராவின் கதவைத் தட்டினேன். மூன்று நாளும் பெயர் வாசித்தும் வராத பெண்ணின் வீடு அது. முப்பது வயதிருக்கும். உயரமான, வெடவெடவென்று மெலிந்த உடம்பு. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தார். அவள் எனக்குப் பாயை விரித்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி கொடுத்தாள்.

கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். கடைசியாகப் பிள்ளை உண்டானது எப்போது என்றதற்கு, போன வருடம் என்றாள். பிள்ளை எங்கே என்று கேட்கும் இடம் வந்தபோது, "பையன். செத்துத்தான் பொறந்தான்" என்றாள். ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளையாம். நேர்த்தி வைத்துக் கிடைத்த பிள்ளையாம். மூன்றாம் மாதம் வரை கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். பிறகு போகவில்லை. ஏழாம் மாதத்தில் கால் வீங்கியிருக்கிறது. தலைவலி மண்டையைப் பிளந்திருக்கிறது. கண் மங்கிக் கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது. அப்போதும் போகவில்லை. இந்தக் காம்பிராவிலேயே வலி வந்து, மாமியார்தான் பிள்ளையைக் கையில் ஏந்தினாராம். பிள்ளை அழவில்லை. பிறகுதான் அவளுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை என்று கேட்டேன். படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான்.

அவள் அடுப்படியைப் பார்த்தாள். மாமியார்தான் பதில் சொன்னார். அவருடைய இளமைக் காலத்தில், அவர் அப்போதிருந்த தோட்டத்தில், இரண்டு பிள்ளை பெற்ற பெண்களின் பெயரை ஒரு நாள் காலை பெரட்டில் வாசிப்பார்களாம். களத்துக்குப் பக்கத்திலேயே லொறி நிற்குமாம். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மாற்றுச் சேலையோடு ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்து திருப்பி அனுப்புவார்கள். அதன் பிறகு பிள்ளை கிடையாது. கையெழுத்து வாங்கினார்கள்தான், ஆனால் எதற்கு என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை என்றார்.

"இப்பல்லாம் அப்பிடி இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்ங்க" என்று அவள் மெதுவாகத் தொடங்கினாள். "போன வருசம் டவுன்ல இருந்து எவளோ ஒருத்தி வந்து பேரு எழுதிக் குடுத்திருக்கா. மூணு நாளு வாசிச்சாங்க. மூணு நாளும் என் பேரு இருந்துச்சு. எனக்கு அப்பதான் ரெண்டாவது வயித்துல. ஆஸ்பத்திரிக்குப் புள்ள பெற போனா, பேரு உள்ளவங்களுக்கு அங்கயே ஒப்பரேசன் செஞ்சிருவாங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு ரெண்டோட நிறுத்த மனசில்ல. அதான் போகல."

அந்த ஒருத்தி அவளுடைய பாயில் உட்கார்ந்து அவள் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் முகம் தெரியாது. பிள்ளைக் காம்பிராவுக்கு வந்தவர்கள்தானே என்னைப் பார்த்திருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இதைப் பூசிமெழுக என்னிடம் ஒன்றுமில்லை. கையிலிருந்த டேப்லெட் பதிலுக்குக் காத்திருந்தது. காரணங்கள் வரிசையாக இருந்தன: போக்குவரத்து இல்லை, வேலை நாள் போய்விடும், வீட்டில் விடவில்லை, தேவையென்று நினைக்கவில்லை. கடைசியில் வேறு காரணம் என்று ஒன்று. அதைத் தொட்டால் ஒரு வெற்றுப் பெட்டி திறக்கும், வார்த்தையில் எழுத வேண்டும். எழுதினால் தலைவி வாசிப்பார். கொழும்பில் வாசிப்பார்கள். நான் போக்குவரத்து இல்லை என்பதைத் தொட்டேன். முன்பு "சும்மாதாங்க" என்று சொன்னவர்களுக்கும் அதையேதான் தொட்டிருந்தேன். எவர் மனதையும் நோகடிக்காத காரணம் அது.

அன்று ஹட்டனுக்குத் திரும்பவில்லை. லிந்துலைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெரட்டில் பெயர் வாசித்து லொறியில் ஏற்றினார்களாமே, நம் தோட்டத்திலும் அப்படி நடந்ததா என்று கேட்டேன். அம்மா கையை நிறுத்தாமல், "நடந்துச்சு. ஒன்னையத் தூக்கிக்கிட்டுத்தான் நான் லொறியில ஏறுனேன்" என்றார். எனக்குப் பின் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று யோசித்ததே இல்லை. எத்தனையோ பெண்களிடம் அவர்கள் வயிற்றைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பதிந்திருக்கிறேன். பெற்றவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏனம்மா எனக்குச் சொல்லவில்லை என்றேன்.

"நீ கேக்கல" என்று அம்மா அரிசியில் கல் பொறுக்கினார்.

அதற்குப் பிறகு எங்கே பெயர் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்கியில், தபால் கந்தோரில், ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ யாருடைய பெயரையோ வாசிப்பார்கள். எனக்கு அந்த மெலிந்த உடம்புதான் கண்முன் வந்து நிற்கும். காலை பஸ்ஸில் போகும்போது பனிக்குள் பெரட்டுக் களங்கள் தெரியும். தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் அசையாமல் நிற்பார்கள். கணக்கப்பிள்ளையின் வாய் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்கும். மூன்று நாளும் அவள் பெயரையே வாசிப்பது கேட்கும். கடைசியில் ஜன்னல் பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

அறிக்கை வந்தது. நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் அதிகாரிகளுக்கு முன்னால் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாக் காரணங்களையும்விடப் போக்குவரத்துத்தான் உயர்ந்து நின்றது. கைதட்டினார்கள். இதற்குத் தீர்வு சுலபம் என்று ஒரு அதிகாரி எழுந்து சொன்னார். அடுத்த சில மாதங்களில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு வேன் ஏற்பாடானது. கிளினிக் நாளான புதன்கிழமைகளில் கர்ப்பிணிகளை ஏற்றிப்போவதற்கு. எல்லோரும் ஒன்றாக நிற்கிற இடம் வசதி என்று அதைக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள்.

இதை எனக்குச் சொன்னவள் அந்தப் பகுதி மிட்வைஃப். எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற சிங்களப் பெண். லயம் லயமாக நடந்து நடந்து கற்றுக்கொண்ட தமிழில் மூச்சுவிடாமல் பேசுவாள். ஒரு திங்கட்கிழமை என்னைத் தொலைபேசியில் பிடித்துத் திட்டினாள். வேன் வாராவாரம் வெறுமையாகத் திரும்புகிறது, வேனைக் கண்டால் பெண்கள் மலைக்குள் இறங்கிவிடுகிறார்கள், முன்பு நடந்து வந்தவர்கள்கூட இப்போது வருவதில்லை, உங்கள் ஆட்களுக்கு என்னதான் வேண்டும் என்றாள். மேட்டு லயத்துக் கடைசிக் காம்பிராப் பெண் மறுபடியும் ஏழு மாதம். வீட்டுக்குப் போனால் ஒளிந்துகொள்கிறாள். தூரத்திலிருந்து பார்த்தாலே கால் வீங்கியிருப்பது தெரிகிறது. போன தடவை வலிப்பு வந்தவள், இந்தத் தடவை தாயும் மிஞ்ச மாட்டாள், வந்து பேசு என்றாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இங்கே சூடு போட்டவளும் நான், அடுப்பைக் களத்தில் கொண்டுவந்து வைத்தவளும் நான். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யார் போனாலும் அவளிடம் என்ன சொல்வார்கள்? பட்டியல் ஒன்றுமில்லை, பயப்படாதே என்பார்கள். அதைத்தான் எல்லோரும் எல்லாக் காலத்திலும் சொன்னார்கள். பட்டியலை எழுதியவள் வந்து சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு ஏதாவது பெறுமதி இருக்கும். அன்று மத்தியானமே பஸ் ஏறினேன்.

லயத்துக்குக் கீழே, கல்லிடுக்கிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழுகிற பீலியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வயிறு முன்தள்ளியிருந்ததால் குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமே ஊதியிருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க மிஸ்" என்றாள். ஒளிந்து ஓட இடமில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தேன்.

பேரு எழுதிக் குடுத்தவ நான்தான் என்றேன். படித்த பேச்செல்லாம் வாயில் வரவில்லை. எங்கள் லயத்துப் பேச்சுத்தான் வந்தது. அது ஒப்பரேசனுக்கு இல்லை, கேள்வி கேட்பதற்கு மட்டும்தான், பெரட்டில் வாசிக்கச் சொன்னது என் புத்தி, என் பிழை என்றேன். அவள் ஒரு சட்டையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

"என் பேர ஏன் எழுதுனீங்க?"

"கம்பியூட்டர் எடுத்துக் குடுத்துச்சு."

"என்னையத் தெரியாமலேயா?"

"தெரியாமத்தான்."

தேய்ப்பதை நிறுத்தினாள். பக்கத்துக் காம்பிரா அக்காவோடு இதே பீலியில் வைத்து ஒருநாள் தண்ணீருக்குச் சண்டை வந்ததாம். அந்தக் கோபத்தில் அந்த அக்காதான் பெயரைப் போட்டுக் கொடுத்தாள் என்று நினைத்து, இவ்வளவு காலமும் அந்த வீட்டோடு பேச்சே இல்லையாம். பிள்ளையைப் பறிகொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அந்த அக்கா வாசலில் வந்து நின்றாளாம். இவள் மாமியாரிடம் சொல்லி விரட்டினாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. அழுவதற்கு எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் வந்தது.

பிறகு அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கி வீட்டுல நான் சொன்னேனே. அத என்னான்னு எழுதுனீங்க மிஸ்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "பஸ்ஸு இல்லன்னு எழுதுனேன்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு அது புரியவில்லை. கீழே பாதையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸு இருந்துச்சே மிஸ்" என்றாள்.

அவள் துணிகளைப் பிழிந்து வாளியில் போட்டாள். வாளியை நான் தூக்கப் போனேன், விடவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்வதானாலும் அவளைக் கேட்காமல், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சொன்னேன். மிஸ்ஸி பக்கத்திலேயே இருப்பாள் என்றேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மேட்டில் இரண்டடி ஏறிவிட்டு நின்றாள்.

"புதன்கெழம போறேன். நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன். அந்த வேன மட்டும் அங்க நிறுத்த வேணாம்னு சொல்லுங்க."

போனாள். பிரஷர் ஏறியிருந்ததால் மிஸ்ஸி அன்றே அவளை வார்டில் சேர்த்துவிட்டாள். கடைசி வரைக்கும் அங்கேயே வைத்திருந்தார்கள். பெண் பிள்ளை பிறந்தது. வார்டே எழும்புகிற மாதிரி அழுதது என்று மிஸ்ஸி சொன்னாள். வேனை வேறு இடத்தில் நிறுத்தினார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். நான் நடந்ததையெல்லாம் எழுதித் தலைவிக்கு அனுப்பினேன். அவர் நல்ல மனுஷி, ஆறுதலாகத்தான் பதில் எழுதினார். தரவுகளைப் பூட்டியாயிற்று, அறிக்கையும் போய்விட்டது, இனித் திருத்த முடியாது என்றிருந்தார்.

அவளுடைய பையன் அந்த அறிக்கையில் இன்றைக்கும் பஸ் இல்லாமல் செத்தவனாகவே இருக்கிறான்.